பின்தொடர்ந்தவர்கள் 4,000 பேர். கையில் இருந்தது 400 கிலோ

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில், பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் கடை இருக்கிறது. பத்துக்குப் பத்து அறைதான். மரபு அரிசி, சிறுதானியம், செக்கு எண்ணெய், வாரத்தில் இரண்டு நாள் காய்கறி. ஊத்துக்கோட்டைப் பக்கம் இருக்கிற ஆறு உழவர்களிடம் நேரடியாக வாங்கி விற்கிறோம். ஆரம்பத்தில் எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாம் ஏரிப் பூங்காவில் காலை நடை முடித்து வருகிறவர்கள்தான்.

இயக்கக் கூட்டங்களுக்குப் போனால் இளைஞர்கள் இப்போது கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, இன்ஸ்டாகிராம்ல எப்படி ஆள் சேர்த்தீங்க?" என்பதுதான். சேர்த்த கதையை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் ஆகும். சேர்ந்த பிறகு நான் செய்த தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் நான் போட்டதெல்லாம் வீண். காலை வணக்கம், நம்மாழ்வார் அய்யா படம், பொங்கல் தள்ளுபடி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முகநூலில் ₹2,000 கட்டி விளம்பரம் போட்டேன். மதுரையிலும் சேலத்திலும் இருக்கிறவர்கள் விருப்பக்குறி போட்டார்கள். கடைக்கு ஒருத்தர்கூட வரவில்லை. விளம்பரம் எந்த ஊருக்கு, எத்தனை கிலோமீட்டர் சுற்றளவுக்குப் போகவேண்டும் என்று நாமே குறிக்கலாம் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

திருப்பம் ஒரு வண்டில் வந்தது. ஓர் அம்மா ஐந்து கிலோ பையைத் திருப்பிக் கொண்டுவந்து, "அரிசியில வண்டு ஓடுது, இதுதான் உங்க ஆர்கானிக்கா?" என்று சத்தம் போட்டார். நான் பொறுமையாகப் பதில் சொன்னேன். மருந்துப் புகை போடாத அரிசியில் வண்டு வரத்தான் செய்யும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வண்டு வந்தால் நிழலில் பரப்பி, சலித்து எடுங்கள். சுள்ளென்ற வெயிலில் போட்டால் அரிசி வெடித்துக் குருணை ஆகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு வையுங்கள். இதை என் மகள் போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டாள். இரண்டே நாளில் சுற்றியிருக்கிற அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அது சுற்றியது.

அன்றைக்குப் புரிந்தது. கல்லாவில் நின்று மக்கள் கேட்கிற கேள்விதான் நமக்குப் பதிவு. செக்கு எண்ணெயின் அடியில் ஏன் கசண்டு தங்குகிறது, தூயமல்லியை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, இந்த வாரம் ஏன் தக்காளி இல்லை. இப்படியே போட்டோம். ஒரு வருடத்தில் 4,000 பேர் பின்தொடர்ந்தார்கள்.

அப்புறம்தான் அந்தப் பெரியவரின் வீடியோ. எங்கள் ஆறு பேரில் மூத்தவர். ஒரு ஏக்கரில் சம்பாப் பட்டத்துக்குத் தூயமல்லி போட்டிருந்தார். கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்த வருசம் மழையில கொஞ்சம் சாஞ்சிடுச்சி. மிச்சம் நல்லா வந்துக்கிது. வேணும்னா வாங்கிக்குங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதை மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். நான்கு நாளில் 900 கிலோவுக்கு ஆர்டர். நானும் யோசிக்காமல் பணத்தை ஜிபேயில் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அவருக்கு விளைந்தது 18 மூட்டை. மூட்டைக்கு 75 கிலோ நெல். விதைக்கும் வீட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும் போக, அரைத்து என் கைக்கு வந்தது 400 கிலோ அரிசி. மீதி 500 கிலோவுக்கு எங்கே போவது? ஒரு மொத்த வியாபாரி, "அதே தூயமல்லிதான்மா, இயற்கைதான்" என்றார். வாங்கினேன். எங்கள் வழக்கமான பையிலேயே கட்டினேன். பையின் மேல் பெரியவர் படம் அச்சடித்திருந்தது. அதை மாற்றவில்லை. மாற்றவேண்டும் என்று தோன்றாமல் இல்லை. பணம் வாங்கியாகிவிட்டது, பேர் கெட்டுவிடுமே என்ற பயம்.

மூன்று வாரம் கழித்துக் கடலைப் பணம் வாங்கக் கடைக்கு வந்தார். அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தார்.

"எங்கிட்ட எடுத்த அரிசி எப்பவோ தீந்திருக்கணுமே. இது யாரு அரிசிம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நல்ல அரிசியாவே இருக்கட்டும்மா. ஆனா மேல என் மூஞ்சி இருக்குதே. நாளைக்கு ஒருத்தன் குறை சொன்னா என் நெலத்தத்தான சொல்வான்?"

அதற்குள் 310 கிலோ போய்விட்டிருந்தது. அன்று இரவே எல்லா இடத்திலும் எழுதிப் போட்டேன். இந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய தூயமல்லி அவர் நிலத்து அரிசி இல்லை. வியாபாரியிடம் வாங்கியது. எந்த நிலத்தில் விளைந்தது என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்பவர்கள் கொண்டுவாருங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறேன். 22 வீட்டார் திருப்பிக் கொடுத்தார்கள். ₹10,000 போலக் கைவிட்டுப் போனது. "ஃபிராடு" என்று சிலர் எழுதினார்கள். 600 பேர் விலகிப்போனார்கள். மீதமிருந்த பைகளின் மேலிருந்த படத்தைக் கிழித்துவிட்டு, வாங்கிய விலைக்கே, உண்மையைச் சொல்லி விற்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். "என் படத்தப் போடறதுக்கு முன்னாடி எத்தினி கிலோன்னு போடு. அரிசி தீந்தா படத்தையும் எடுத்துடு." இன்றுவரைக்கும் எங்கள் கடையின் சமூக ஊடகக் கொள்கை இந்த இரண்டு வரிதான்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018-இல் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைக்க ஆரம்பித்தார்கள். 2021-இல் ஒரு கோடிப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மண் மாறாமல், பேச்சு மாறாமல் தொடர்ந்து செய்தது அவர்களின் பலம். அதை நாம் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒரு வித்தியாசத்தை மறக்கக்கூடாது. அவர்களுக்குப் பார்க்கிற கண்ணே வருமானம். ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் வீடியோ தீராது. நம் அரிசி தீரும். அதற்குப் பருவம் இருக்கிறது, ஏக்கர் இருக்கிறது, மழை இருக்கிறது.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் நெல் ஜெயராமன் அண்ணன்தான். ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினவர்கள், விளைந்ததும் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அப்படிச் சேர்ந்த கூட்டம் கைதட்டிவிட்டுப் போகிற கூட்டம் இல்லை. அடுத்த வருடம் மூட்டையோடு வருகிற கூட்டம். 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்த விதைகள் வயலில் இருக்கின்றன.

இனி, செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

அளவை முதலில் சொல்லுங்கள். "தூயமல்லி 400 கிலோ இருக்கிறது, ஒரு வீட்டுக்கு 10 கிலோ" என்று போட்டால் யாரும் கோபிப்பதில்லை. தீர்ந்ததும் "தீர்ந்தது" என்று போடுங்கள்.

கூட்டத்தை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவாருங்கள். அதில் பிராட்காஸ்ட் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருக்கிறவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். இது பலருக்குத் தெரிவதில்லை. அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று காத்திருப்பார்கள். அதனால் பில் போடும்போதே, "நம்ம நம்பரை சேவ் பண்ணிக்குங்க" என்று கேட்டுவிடுகிறேன். இப்போது 180 வீடுகள் இருக்கின்றன. இந்த 180 வீடுதான் கடையின் வாடகையைக் கட்டுகிறது.

நாற்று விடும்போதே கேளுங்கள். அறுவடைக்குப் பிறகு ஆள் தேடாமல், நாற்றங்கால் படம் போட்டு, உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று எழுதி வாங்குகிறோம். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எவ்வளவு நிலத்தில் எந்த ரகம் என்று உழவர்கள் முடிவு செய்கிறார்கள்.

சேதத்தையும் போடுங்கள். பூச்சி அடித்தது, மழையில் சாய்ந்தது, எல்லாவற்றையும். நல்லதை மட்டும் காட்டினால் விலை ஏறும்போது மக்கள் நம்பமாட்டார்கள்.

வைத்தியம் பேசாதீர்கள். கருப்பு கவுனி சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும் என்றெல்லாம் எழுதினால் நிறைய பேர் பகிர்வார்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு?

'ஆர்கானிக்' என்ற சொல்லுக்கு ஆதாரம் வையுங்கள். ஐந்து உழவர்கள் சேர்ந்தாலே பி.ஜி.எஸ். முறையில் குழு அமைத்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்துச் சான்று பெற வழி இருக்கிறது. எங்கள் ஆறு பேரும் இப்போது அதில் சேர்ந்துவிட்டார்கள்.

இந்த சம்பாவில் பெரியவர் கூடுதலாகக் கால் ஏக்கர் தூயமல்லி போட்டார். வந்தது 520 கிலோ. முன்பதிவு 480. மீதி 40 கிலோ என்று அவர் படத்தோடு போட்டேன். மறுநாள் மத்தியானம் தீர்ந்தது, படத்தை எடுத்துவிட்டேன். பின்தொடர்கிறவர்கள் இன்னும் 3,400 பேர்தான். கூடவில்லை.

நீங்களும் தொடங்குங்கள், தயங்கவேண்டாம். முதல் பதிவு போடுவதற்கு முன்னால் களத்துக்குப் போய் மூட்டையை மட்டும் ஒருமுறை எண்ணிவிடுங்கள்.