மண்ணுக்குச் சட்டம் உண்டா? சந்தேகங்களும் விளக்கங்களும்

மண் கெடுவதைத் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் இருக்கிறதா?

இல்லை. நீர் மாசைத் தடுக்க 1974-லும் காற்று மாசைத் தடுக்க 1981-லும் தனிச் சட்டங்கள் வந்தன. மண்ணுக்கு 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமே பொதுவாகப் பொருந்துகிறது. அதன் கீழ்தான் மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கான விதிகள் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டன.

புதிய விதிகளின்படி யார், எவ்வளவு காலத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும்?

நச்சுக் கழிவால் கெட்டதாகச் சந்தேகிக்கப்படும் இடங்கள் குறித்து மாவட்ட நிர்வாகம் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். தகவல் கிடைத்த 90 நாள்களுக்குள் முதற்கட்ட ஆய்வும், அடுத்த மூன்று மாதங்களுக்குள் விரிவான ஆய்வும் முடிய வேண்டும். ஆய்வுக்கு இப்படிக் கெடு வைத்த விதிகள், மாசு உறுதியான இடத்தைச் சுத்தம் செய்து முடிக்க இறுதிக் கெடு எதையும் சொல்லாதது பெரிய குறை.

சுத்தம் செய்யும் செலவு யாருடையது?

மாசுபடுத்தியவருடையது. அவர் யாரென்று தெரியாவிட்டாலோ, அவரால் செலவை ஏற்க இயலாவிட்டாலோ மத்திய, மாநில அரசுகள் ஏற்கும்.

வயலில் உரத்தை அதிகமாகப் போட்டால் அபராதம் உண்டா?

கிடையாது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை உரத்தின் தரம், விலை, விற்பனை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகிறதே தவிர, ஏக்கருக்கு இவ்வளவுதான் என்று விவசாயிக்கு வரம்பு விதிப்பதில்லை. 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம், கார அமில நிலை, தழைச்சத்து, துத்தநாகம் உள்ளிட்ட 12 அளவீடுகளைக் கொண்டு உரப் பரிந்துரை தருகிறது. அதைப் பின்பற்றுவது கட்டாயமல்ல.

அட்டை இருந்தும் யூரியாவை ஏன் அதிகம் போடுகிறார்கள்?

முக்கியக் காரணம் விலை. 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய். 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய். 2010 ஏப்ரல் முதல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்குச் சத்தின் அளவைப் பொறுத்து மானியம் வழங்கப்படுகிறது. யூரியா அந்த முறைக்கு வெளியே வைக்கப்பட்டு, அதன் விலையை அரசே நிர்ணயிக்கிறது. மானியக் கொள்கை மாறாதவரை, அட்டையின் பரிந்துரை மட்டும் பெரிய மாற்றத்தைத் தருவது கடினம்.

பரிசோதனைக்கு மண்ணை எங்கிருந்து எடுக்க வேண்டும்?

வரப்போரம், மரநிழல், எருக் குவித்த இடம், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நெல் போன்ற பயிர்களுக்கு, வயலில் பரவலாக 10 முதல் 15 இடங்களில் 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கிக்கொண்டே வந்து, எஞ்சும் அரை கிலோவை நிழலில் உலர்த்தி அனுப்பினால் போதும்.