தொழில் மடலும் வேலை தேடுவோரும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில், பாக்கு நீரிணையை நோக்கி அமைந்த ஜெகதாப்பட்டினம் மீன்பிடித் தொழிலாற் பெயர் பெற்ற ஊர். விசைப்படகுகள் கரையணைந்ததும் அங்கே நிகழும் மீன் வாணிகத்தை உற்று நோக்குவார்க்கு, வணிகக் கல்வி நூல்கள் 'தொழில்முறைச் செய்தித் தொடர்பு' என்னும் நீண்ட பெயரால் வழங்கும் கலையின் கூறுகள் யாவும் கண்கூடாகப் புலனாகும். சொல்வோன் ஒருவன்; கேட்போன் ஒருவன்; இருவர்க்கும் நடுவே ஒரு பொருள்; அதைப் பற்றிய சொல்; அச்சொல்லுக்கு எதிர்ச்சொல். விற்போன் கூறும் விலையை வாங்குவோன் மிகையென்று கருதின், அது முகத்திலேயே தெரிந்துவிடும். உடனே விற்போன் தன் பேச்சை மாற்றிக்கொள்கிறான். இறாலின் அளவில் ஐயம் எழுந்தாற் கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிடலாம்.

அவ்வூரிற் பிறந்து கல்லூரியிற் பயின்ற இளைஞர் ஒருவர், சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள ஒரு நிறுவனத்திற்கு வேலை வேண்டி மடல் எழுத அமரும்போது, இவ்வசதிகளுள் ஒன்றேனும் அவருக்கு இல்லை. படிப்போர் முகம் தெரியாது. ஐயம் எழுந்தால் விளக்க அருகில் ஆளில்லை. கவிழ்த்துக் காட்டக் கூடையும் இல்லை. மடல் ஒன்றே அவருக்காகப் பேசுதல் வேண்டும். எதிரே நில்லாத ஒருவரின் ஐயங்களை முன்னரே உணர்ந்து, அவை எழுமுன் விடை கூறிவிடுதலே தொழில் மடலின் உயிர்நாடி என்பது எம் கருத்து. ஏனைய விதிகளெல்லாம் இதனின்று கிளைத்தவையே.

இக்கலை அக்கரையார்க்கு வெறுந் தேர்வுப் பாடமன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லுதல் தடை செய்யப்பட்டுள்ளது. 1974-ஆம் ஆண்டில் பாக்கு நீரிணையில் வகுக்கப்பட்ட எல்லைக் கோட்டைத் தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படை மீனவரைச் சிறைப்பிடிப்பதும், படகுகளைக் கைப்பற்றுவதும் செய்தித்தாள் படிப்போர் யாவரும் அறிந்தவை. படகு போனால் குடும்பத்தின் முதல் போயிற்று. ஆதலின் மக்களை நிலத்தில் ஒரு வேலைக்கு அனுப்ப வேண்டும் என்னும் விருப்பம் அக்கரைப் பெற்றோர்க்கு மிகுதி. அவ்விருப்பம் நிறைவேறுதல் பலகால் ஒரு பக்க மடலில் தொங்கி நிற்கிறது.

இனி, விண்ணப்பத்தின் இயல்பை நோக்குவோம். நம் மாணவர் பலருக்கு முதலில் தோன்றும் இடையூறு நாணம். தம்மைப் பற்றித் தாமே உயர்த்திக் கூறுதல் தமிழர் பண்பன்று என்று எண்ணி, ஒன்றுஞ் சொல்லாது விடுகின்றனர்; அல்லது எவருக்கும் பொருந்தும் சில சொற்களை அச்சிட்டாற்போல் எழுதிவிடுகின்றனர். நன்னூல் செய்த பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இவ்வையத்தைத் தீர்த்து வைத்துள்ளார் என்றால் வியப்பாக இருக்கும். தன்னைப் புகழ்தல் பொதுவில் தகாது எனினும், புலவனுக்கு அது தகும் இடங்கள் நான்கு என்று பாயிரத்திற் கூறுகிறார். அரசனது அவைக்கு ஓலை எழுதுங்கால் ஒன்று. தன் ஆற்றலை அறியாதாரிடையே இருக்குங்கால் ஒன்று. அவையில் வெல்ல வேண்டிய பொழுது ஒன்று. எதிரி தன்னைப் பழித்த பொழுது ஒன்று. முதல் மூன்றும் வேலை தேடுவோர்க்கு அப்படியே பொருந்துகின்றன. விண்ணப்பம் அதிகாரமுடையார்க்கு எழுதும் ஓலை. அதைப் படிப்போர் நம் ஆற்றலை அறியாதார். நேர்முகத் தேர்வோ வெல்ல வேண்டிய அவை. நான்காம் இடத்திற்கு யாரும் ஆளாகாதிருப்பாராக.

ஆயின் புகழ்ச்சி என்பது அடைமொழிகளை அடுக்குதலன்று. மீனவர் குடும்பத்து வணிகவியல் மாணவி ஒருவர் கணக்கர் வேலைக்கு எழுதுகிறார் என்று கொள்வோம். "யான் கடின உழைப்பும் நேர்மையும் பொறுமையும் உடையேன், எப்பணியைத் தரினும் செவ்வனே செய்வேன்" என்று எழுதின், படிப்போர்க்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரிவதில்லை. அதே நாளில் வந்த மற்ற மடல்களும் அவ்வாறே கூறியிருக்கும். அதற்கு மாறாக, "எங்கள் விசைப்படகின் கணக்கை மூன்று ஆண்டுகளாக யான் எழுதி வருகிறேன். ஒவ்வொரு முறையும் டீசல், ஐஸ், உணவு ஆகியவற்றின் செலவைக் கழித்து, எஞ்சியதைப் படகுக்கும் ஆள்களுக்கும் உரிய பங்காகப் பிரித்து, அனைவருக்கும் படித்துக் காட்டுதல் என் பொறுப்பு" என்று எழுதுவாராயின், உழைப்பு, நேர்மை, பொறுமை என்னும் மூன்றையும் பெயர் சொல்லாமலே நிறுவியவராவார். பலர் முன்னிலையிற் பங்குக் கணக்கைப் படித்துக் காட்டியவர் எண்ணிற் பிழை விட மாட்டார் என்பதைப் படிப்போர் தாமே உணர்ந்துகொள்வர். வீட்டுத் தொழிலை மடலில் குறிப்பிடுதல் இழிவென்று கருதி மறைப்போர் நம்மிடையே உண்டு. தம் கையிலுள்ள முதலைத் தாமே புதைக்கின்றனர்.

தொழில் மடலுக்குரிய பண்புகள் ஏழு என மேனாட்டு வழி வந்த நூல்கள் கூறும். தெளிவு, சுருக்கம், திட்பம், பிழையின்மை, நிறைவு, பணிவு, படிப்போர்பால் கருத்துடைமை என அவற்றைத் தமிழிற் கூறலாம். நூற்குற்றம், நூலழகு என நன்னூலார் பப்பத்தாக வகுத்தவற்றைப் பயின்றவர்க்கு இவற்றிற் பெரும்பாலன புதியனவல்ல. எந்த வேலைக்கு எழுதுகிறோம் என்பதையே குறியாது விடுதல் குன்றக் கூறல். பள்ளியிற் பெற்ற ஓட்டப் பந்தயப் பரிசு முதலாக யாவற்றையும் நிரப்புதல் மிகைபடக் கூறல். தன்விவரக் குறிப்பில் உள்ளதையே மடலிலும் எழுதுதல் கூறியது கூறல். மடலில் ஓர் ஆண்டும் குறிப்பில் வேறோர் ஆண்டும் வருமாயின் அது மாறுகொளக் கூறல். இக்குற்றம் ஒன்றே விண்ணப்பத்தைக் குப்பைக்கு அனுப்பப் போதும். நூலுக்குச் சொன்னதை மடலுக்கு ஏற்றுதல் முறையோ எனின், இரண்டும் எதிரே இல்லாதவரை நோக்கிப் பேசுதலின் முறையே என்க.

மடலின் புறவடிவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. நாள், முகவரி, பொருட்குறிப்பு, விளி, உடல், முடிப்பு என்பவற்றை மாணவர் பள்ளியிலேயே கற்றனர். மின்னஞ்சலில் அனுப்புவோர் பொருட்குறிப்பை வெறுமையாக விடாதிருத்தலும், விளையாட்டாக இட்டுக்கொண்ட முகவரியை விடுத்துத் தம் பெயரால் ஒன்று அமைத்துக்கொள்ளுதலும் போதும். நேர்முகத் தேர்விலும், தெரியாததைத் தெரியாதென்று சொல்லிவிட்டுத் தெரிந்ததை மடலில் எழுதியவாறே கூறுதல் நன்று.

எழுதுதலைக் கற்பிக்கும் நூல்கள் படித்தலைப் பற்றிப் பெரும்பாலும் வாளாவிருக்கின்றன. வேலை தேடுவோர் கைக்கு வரும் தாளைப் படித்தறிதலும் இக்கலையின் பாதியே. இதற்குச் சான்று தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டா. ஜெகதாப்பட்டினம் இருக்கும் அதே கரையிலுள்ள அம்மாபட்டினம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் கப்பலேறிய துறைகளுள் ஒன்று. அவர்களை அழைத்துச் சென்றவர் கங்காணிமார். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளர் பெயரிற் கடனாக ஏறின. ஒரு தோட்டத்தினின்று வேறொரு தோட்டத்திற்கு மாறுங்கால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாள்களை விடுவிப்போம் என்று துரைமார் எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கங்காணி அத்துண்டைக் கையிற்கொண்டு தோட்டந்தோறும் செல்வார். புதிய தோட்டத்தார் தொகையைக் கொடுப்பர். கடன் தொழிலாளியின் தலையில் வளரும். தொழிலாளரிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். தம்மை விலை பேசிய தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை அவர்கள் படித்ததில்லை. 1921-ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

பட்டம் பெற்ற நம் இளைஞர்க்கு அந்நிலை வாராது என்று எண்ணுவாரும் உளர். 2022-ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினித் துறை வேலை என்று சமூக வலைத்தள விளம்பரங்களாலும் முகவர்களாலும் அழைக்கப்பட்ட இந்திய இளைஞர் பலர், மியன்மார் எல்லைக்குள் கொண்டுபோகப்பட்டு, இணையவழி மோசடி வேலைகளிற் பிணிக்கப்பட்டனர். அவருட் படித்தவரும் தமிழரும் இருந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்தடைந்தனர். இவர்கள் எழுத்தறியாதவரல்லர். ஆயினும் கைபேசியில் வந்த அழைப்பில் எது எழுதப்படவில்லை என்பதை நோக்கத் தவறினர் போலும்.

ஒரு வேலை மடலில் எழுதப்பட்டிருக்க வேண்டியவை எவை? வேலை தருவோரின் முழுப்பெயர், நிலையான முகவரி, செய்யும் வேலை, செய்யும் இடம், மாதச் சம்பளமும் அது எந்நாட்டு நாணயம் என்பதும், வேலை நேரம், ஒப்பந்தக் காலம், வழிச்செலவு யாருடையது என்பது. இவற்றுள் ஒன்று குறையினும் கேட்டு எழுதுதல் வேண்டும். சுற்றுலா விசாவிற் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்னும் வாய்ச்சொல், பேச்சை அவ்விடத்திலேயே நிறுத்துதற்குப் போதிய காரணம். அயல்நாட்டு வேலைக்கு ஆளெடுக்கும் முகவர் அரசினிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அப்பதிவெண்ணைக் கேட்டல் பண்புக் குறைவன்று. 1978-இல் தமிழ்நாடு அரசு இதற்கெனவே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றையும் நிறுவியது. அதனிடம் வினவியும் தெளியலாம்.

கேட்டு எழுதும் மடலும் தொழில் மடலே. அதற்கும் அதே பணிவும் சுருக்கமும் உரியன. "தங்கள் அழைப்புக்கு நன்றி. பணியிடத்தின் முகவரியும், வேலை நேரமும், வழிச்செலவை ஏற்போர் யார் என்பதும் அதிற் காணப்படவில்லை. தங்கள் பதிவெண்ணுடன் இவற்றை எழுத்தில் தெரிவித்தால், ஒரு வாரத்திற்குள் என் இசைவை அறிவிப்பேன்" என நான்கு வரி போதும். அம்மடலின் படியும், அதற்கு வரும் விடையின் படியும் வீட்டிலுள்ளோர் கையிலும் இருத்தல் நலம்.