பிள்ளைக்குப் பொருந்தும் கல்லூரி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் நம் அங்கத்தினர் இல்லங்களில் எழும் கேள்வி ஒன்றே: பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? பெரியதாழையில் வலையையும் பனையையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கும், தறியை நம்பி வாழும் குடும்பங்களுக்கும் இக்கவலை பொதுவானது. பெயர் பெற்ற பெருங்கல்லூரியே நல்ல கல்லூரி என்று நம்மில் பலர் கருதுகிறோம். அக்கருத்து எப்போதும் பொருந்தாது.

நாமறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். நகை அடகு வைத்து மகனைத் தொலைவிலுள்ள பெரிய நகரக் கல்லூரி ஒன்றில் சேர்த்தனர். நெரிசலான வகுப்பில் அவன் பெயரை அறிந்த ஆசிரியர் ஒருவரும் இல்லை. ஆங்கிலத்தில் நடந்த பாடம் விளங்கவில்லை. ஐயத்தைக் கேட்கவும் நா எழவில்லை. ஓராண்டிற்குள் ஊர் திரும்பிவிட்டான். குறை பிள்ளையிடம் இல்லை, தேர்வில்தான் இருந்தது.

நம் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. பாரின் பழம்பெருமையை மட்டும் நம்பி அக்காலத்தில் குளிப்பை அறிவிப்பதில்லை. முதலில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்தை மதிப்பிட்டு, தேறும் என்று கண்ட பின்னரே அறிவித்தனர். கல்லூரியையும் அவ்வாறே நேரில் சென்று பார்த்துத் தேர்தல் வேண்டும்.

சிறிய கலைக் கல்லூரிக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1823-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரி தமிழ், ஆங்கிலம், கணிதம், வானநூல் எனப் பல துறைகளையும் ஒருங்கே கற்பித்தது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை அங்குப் பயின்றவரே. அமெரிக்காவில் 1821-இல் தோன்றிய ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சிறு கல்லூரிகளில் இன்றும் பேராசிரியர்களே முதலாண்டு மாணவர்க்கும் பாடம் நடத்துகின்றனர்.

நமக்கு எட்டும் தொலைவிலும் கல்லூரிகள் பல உள்ளன. திருச்செந்தூர் ஆதித்தனார் கல்லூரி (1965), சாயர்புரம் போப் கல்லூரி (1962), தூத்துக்குடியில் மகளிர்க்கான தூய மரியன்னை கல்லூரி (1948), வ. உ. சிதம்பரம் கல்லூரி (1951), பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி (1923) ஆகியவை அவற்றுட் சில. இவை அளவிலும் இயல்பிலும் வேறுபட்டவை. ஆயினும் இவை யாவும் 1990-இல் நிறுவப்பெற்ற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை; பட்டம் வழங்குவது அப்பல்கலைக்கழகமே. ஆகவே பெயரைப் பார்ப்பதைவிடப் பொருத்தத்தைப் பார்ப்பதே அறிவுடைமை.

சேர்க்கைக்கு முன் பிள்ளையுடன் சென்று கேட்க வேண்டியவை:

வகுப்பில் மாணவர் எத்தனை பேர்? தமிழ்வழி பயின்றவர்க்கு ஆங்கிலத்தில் துணைப்பயிற்சி உண்டா? நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? கடைசிப் பேருந்து எப்போது? விடுதிக்கு ஆகும் செலவு என்ன?

நாம் கேட்கும் இடம் அரசு உதவி பெறும் பிரிவிலா, சுயநிதிப் பிரிவிலா? ஒரே வளாகத்தில் ஒரே பாடத்திற்கு இவ்விரண்டிலும் கட்டணம் வேறுபடும். இதைக் கேளாமல் பணம் கட்டிப் பின்னர் வருந்துவோர் உளர்.

உதவித்தொகையையும் விசாரிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியர்க்கும் அதனை விரிவாக்கும் விழா 2024 டிசம்பரில் தூத்துக்குடியிலேயே நடைபெற்றது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. நிபந்தனைகளைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிக.

இருபதாம் நம்பர் நூல் உயர்ந்ததா, நூறாம் நம்பர் நூல் உயர்ந்ததா என்று நெசவாளர் கேட்பதில்லை. துண்டு நெய்வதா, மெல்லிய வேட்டி நெய்வதா என்பதையே முதலில் கேட்பர். நம் பிள்ளை எதில் ஆர்வமுடையவன், எங்கே வாய்திறந்து பேசுவான் என்பதைப் பெற்றோரே அறிவர். அங்கிருந்து தொடங்குவோம். கல்லூரியில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அங்கத்தினர்கள் தாம் கண்டறிந்ததைச் சங்கக் கூட்டத்தில் மற்றவர்க்கும் எடுத்துச் சொல்வார்களாக. அதுவும் கூட்டுறவே.