கொசுவை வைத்தே கொசுவை ஒழிக்க முடியுமா?

‘புதுச்சேரியில் கொசுவையே வளர்க்கிறார்களாமே... அதைக் கொண்டுவந்து விட்டால் எங்கள் பக்கம் மலேரியா ஒழிந்துவிடுமா?’ என்று மாமல்லபுரம் அருகே சவுக்கு பயிரிடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கடற்கரைக் கிராமங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருப்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 2022-ம் ஆண்டு அறிவித்தது, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றி. ‘வோல்பாக்கியா’ என்ற பாக்டீரியாவை அந்தக் கொசுவின் உடலில் ஏற்றினால், டெங்கு வைரஸ் அதில் எளிதில் பெருகாது. மலேரியாவைப் பரப்புவதோ அனாஃபிலிஸ் என்ற வேறு இனம். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் முக்கியமானது ‘அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி’. கிணறு, மேல்நிலைத் தொட்டி போன்றவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் இது முட்டையிடும்.

ஒருமுறைதான் இணைசேரும்!

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை உருவாக அதற்கு ரத்தம் வேண்டும். பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இணைசேரும். அப்போது கிடைத்த விந்தைச் சேமித்து வைத்து, கடைசி வரை பயன்படுத்தும். அந்த ஆண் மலடாக இருந்துவிட்டால், இடும் முட்டை எதுவும் பொரிக்காது. கால்நடைகளின் புண்ணில் புழு வைக்கும் ஒருவகை ஈயை, கரீபியன் கடலில் உள்ள குரசாவ் தீவில் 1954-ம் ஆண்டு இப்படித்தான் ஒழித்தார்கள்.

கொசுவிலும் இதை நம் நாட்டிலேயே முயன்றார்கள். உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, 1970-களின் தொடக்கத்தில் டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மலட்டு ஆண் கியூலெக்ஸ் கொசுக்களை லட்சக்கணக்கில் விட்டன. எதிர்பார்த்த பலன் இல்லை. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் கொசுக்கள் பக்கத்து ஊர்களிலிருந்து பறந்து வந்து முட்டையிட்டதே முக்கியக் காரணம். நம் வயலுக்கு மட்டும் மருந்தடித்தால், அடுத்த வயல் பூச்சி வந்து சேர்வதைப் போலத்தான். அடுத்து, ஹரியானாவின் சோனிபட்டில் ஏடிஸ் கொசுவை விட ஏற்பாடானது. ‘அந்நியப் பணத்தில் உயிரியல் போருக்கான ஆராய்ச்சி’ என்று பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் புகார் கிளம்ப, 1975-ல் திட்டமே நின்றது.

இப்போது வந்திருப்பது

இன்றைய ஆராய்ச்சி ‘ஜீன் டிரைவ்’. வழக்கமாக, தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வரும் ஒரு மரபணு, குஞ்சுகளில் பாதிக்குத்தான் போகும். ஜீன் டிரைவில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போகும். மலேரியா கிருமியைத் தடுக்கும் மரபணுக்களை இதே ஸ்டீபன்சி கொசுவில் புகுத்தி, 99 சதவிகித வாரிசுகளுக்குப் போகச் செய்தார்கள் கலிபோர்னியா விஞ்ஞானிகள். 2015-ல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது.

விதை சரியில்லை என்றால், அடுத்த பட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். பறக்கவிட்ட கொசுவைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால், இப்படி ஒரு திட்டம் நம் ஊருக்கு வந்தால், கிராம சபையில் விளக்கம் கேளுங்கள். விவரம் தெரியாமல் எதிர்ப்பதும் வேண்டாம்; கேள்வி கேட்காமல் தலையாட்டுவதும் வேண்டாம்.

இன்று செய்ய வேண்டியவை

வெயில் காலத்தில் முட்டை, கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள்கள் போதும். எனவே, தொட்டிகளை வாரம் ஒருமுறை காலி செய்து, தேய்த்துக் காயவிடுங்கள். புழங்கும் கிணற்றைக் கொசுவலையால் மூடுங்கள். மூட முடியாத கிணற்றில் கப்பி மீன் விடலாம். சுகாதார ஆய்வாளரிடம் கேட்டுப் பாருங்கள். கம்பூசியா மீனை ஏரி, குளத்தில் மட்டும் விடாதீர்கள். நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்றுவிடும். சவுக்குத் தோப்பில் தண்ணீர் எடுக்கத் தோண்டிய குழிகளை, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

குளிருடன் காய்ச்சல் வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். உங்கள் உடலில் உள்ள கிருமியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு கொசு போதும்.