பால் பொங்கினா ஆபத்து பாஸ்!

திருவேற்காட்டுல பொங்கல் பொங்கினா விசேஷம். ஆடி மாசம் கருமாரியம்மன் கோயில் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். ஆனா அதே ஊர்ல, நாலு பசங்க சேர்ந்து எடுத்த வாடகை ரூம்ல, காயில் அடுப்பு மேல பால் பொங்கினா... அது வேற கதை!

இன்ஜினீயரிங், மெடிக்கல், டென்டல்னு இந்த ஏரியாவைச் சுத்தி காலேஜுக்குக் குறைச்சலே இல்லை. மெஸ் சாம்பாரில் நொந்துபோன பேச்சிலர்ஸ் வாங்கும் முதல் சொத்து பெரும்பாலும் இந்தக் காயில் ஸ்டவ்தான். கேஸ் கனெக்‌ஷனுக்கு அலைய வேண்டாம். இண்டக்‌ஷன் மாதிரி பிகு பண்ணாது. அலுமினியச் சட்டியோ, மண்சட்டியோ, எதை வச்சாலும் சூடாக்கும்.

உள்ளே சுருண்டு கிடப்பது நிக்ரோம் கம்பி. நிக்கல், குரோமியம் கலந்த உலோகம். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-ல் பேட்டன்ட் வாங்கின சரக்கு. செக்கச் செவேல்னு பழுத்தாலும் சீக்கிரம் உதிராது.

பிரச்னை என்னன்னா, அந்தக் கம்பிக்கு மூடியே கிடையாது. 230 வோல்ட் அப்படியே திறந்து கிடக்கு. பால் வழிஞ்சு காயிலைத் தொட்டா, அந்த ஈரம் வழியா பாத்திரத்துக்கு கரன்ட் ஏறலாம். வெறுங்காலோட நின்னு எவர்சில்வர் கரண்டியால கிண்டுற ஆளோட கதி? அதனால மரக்கரண்டி, காலில் ரப்பர் செருப்பு, தரை ஈரமில்லாம இருக்கணும். வீட்டு மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கான்னு ஹவுஸ் ஓனரைக் கேட்டுத்தான் அட்வான்ஸே கொடுக்கணும்னு சொல்வேன்!

'ஸ்விட்சைத்தான் ஆஃப் பண்ணிட்டேனே'ன்னு கையை வைக்காதீங்க. வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தா, ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும்தான் துண்டிக்கும். காயில் ஜம்முனு கரன்ட்டோட உட்கார்ந்திருக்கும். பிளக்கை உருவினாத்தான் நிஜமான ஆஃப்.

2000 வாட்ஸ் அடுப்பு சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர் சொருகுற சின்ன பாயின்ட் தாங்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்? உருகுற வாசனை வந்த பிறகுதான் தெரியும். பெரிய 15 ஆம்ப்ஸ் பாயின்ட்தான் சரி. மூணாவது பின் எர்த். அதை உடைச்சுட்டு சொருகுற சூரர்களுக்கு ஒரு கும்பிடு.

சரி, காயில் அறுந்துபோச்சு. நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? ரெண்டு முனையையும் முறுக்கி விட்டுடுவாங்க. வீணாப் போன கம்பி அளவுக்கு நீளம் குறையுது, ரெசிஸ்டன்ஸ் குறையுது, கரன்ட் கூடுது (ஓம் விதி, முதல் செமஸ்டர்!). முறுக்கின இடமே மறுபடி பழுத்து அறும். எலக்ட்ரிக்கல் கடையில் அதே வாட்ஸ் காயில் கேட்டு வாங்கிடுங்க. பீங்கான் தட்டில் இருக்கும் பள்ளத்தை ஒரு நூலால் அளந்து, அந்த நீளத்துக்குக் காயிலைச் சீரா இழுத்து உட்கார வைக்கணும். ஒரு இடத்தில் நெருக்கமா இருந்தா, அங்கேதான் முதல்ல போகும். கை நடுங்கினா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, தப்பில்லை.

கருகின பாலைச் சுரண்ட, பிளக்கை உருவி, நல்லா ஆறின பிறகு பழைய டூத் பிரஷ் போதும். தண்ணி கூடவே கூடாது. தட்டு விரிசல் விட்டிருந்தா மாத்திடுங்க. இன்னொண்ணு, ஆஃப் பண்ணின பிறகும் தட்டில் சூடு நிக்கும். சோறு முக்கால் பதம் வெந்ததும் நிறுத்திட்டு மூடி வச்சா, மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்.

அப்புறம் பில். 2000 வாட்ஸ் அடுப்பு தினம் ஒரு மணி நேரம்னா, ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். தமிழ்நாட்டில் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னாலும், ஒரே கனெக்‌ஷன்ல ஓனர் வீடும் ஓடினா அது அவர் ஃபிரிட்ஜுக்கே பத்தாது. "தம்பி, மேல என்னப்பா ஓடுது?"னு குரல் வரத்தான் செய்யும். சப் மீட்டர் ரீடிங்கை மாசம் ஒண்ணாம் தேதி செல்லில் ஒரு போட்டோ எடுத்து வச்சிருங்க.