கண்ணும் கேட்கும்

வற்றாப்பளை அம்மன் பொங்கலையொட்டி முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்திற் சனம் திரளும். மேளமும் மணியும் முழங்குகையில், அயலில் நிற்பவர் சொல்வதை நாம் எவ்வாறு அறிகிறோம்? நம்மையறியாமலே அவர் உதட்டைப் பார்க்கிறோம். செவியோடு கண்ணும் சேர்ந்தே கேட்கிறது.

1976ஆம் ஆண்டில் மக்கேர்க், மக்டொனால்ட் என்னும் அறிஞர் இருவர் இதனைப் பரிசோதனையாற் காட்டினர். 'பா' என்னும் ஒலியைக் கேட்பித்து, 'கா' என உச்சரிக்கும் வாயைக் காட்டியபோது, பலருக்கு இரண்டுமல்லாத 'டா' கேட்டது! இரு புலன்களின் செய்தியையும் மூளை ஒன்றாக்கிவிட்டதன்றோ?

உட்செவியின் நுண்ணிய மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 15,000. முதுமையாலோ வெடியோசையாலோ அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 2009 வரை குண்டோசை கேட்ட இம்மண்ணில் இது வெறும் ஏட்டறிவன்று.

ஆயினும் மூளை வாளாவிருப்பதில்லை. செவி குறைந்தவிடத்துக் கண்ணை மிகுதியாக நாடுகிறது. பிறவியிலேயே கேளாதோரிடம் செவிக்குரிய மூளைப்பகுதியே காட்சிக்கும் உதவுகிறது. ஆனால், உதட்டைப் பார்த்துச் சொல்லை ஊகித்தல் களைப்புத் தரும் வேலை.

ஆகையால், செவி தளர்ந்த அப்புவிடமும் அம்மம்மாவிடமும் பின்னின்று கத்தாது, முகத்தில் வெளிச்சம் விழ எதிரே நின்று நிதானமாகப் பேசுவோமாக. காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் சென்று செவித்துணைக் கருவி பெறவும் உதவுவோமாக. கேளாமையால் அவர்கள் மூலையில் ஒதுங்கியிருக்க விடுதல் நமக்கு அழகன்று.