பெட்ரோல் காசு மிச்சம். வண்டியைச் சொருக இடம் எங்கே?

பெங்களூர்த் தெருக்களில் பச்சை நம்பர் பிளேட் வண்டிகள் பெருகிவிட்டன. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால் அது சொந்த வண்டி. மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி. இரண்டும் ஓடுவது மின்சாரத்தில்.

சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் என்று நம்மவர்கள் நிறைய வசிக்கும் எந்தப் பகுதிக்குப் போனாலும் டீக்கடைப் பேச்சில் இந்த வண்டி வந்துவிடுகிறது. வாங்கலாமா, வேண்டாமா? லாபமா, நஷ்டமா? பாட்டரி எத்தனை நாள் தாங்கும்? வெடிக்குமா?

கேள்விகள் பல. ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இரவில் வண்டியை எங்கே சொருகுவது?

நம்ம ஊரில் செய்து இங்கே ஓடுவது

மின்சார வண்டி பெங்களூருக்குப் புதிதல்ல. 'ரேவா' என்ற சின்னஞ்சிறு மின்சாரக் கார் 2001-ம் ஆண்டில் இந்த நகரத்தில்தான் விற்பனைக்கு வந்தது. இரண்டே கதவு. ஈயப் பாட்டரி. இலண்டன் மாநகரில் வேறு பெயரில் ஓடிப் பேர் வாங்கிய அந்தக் கார், இங்கே பணக்காரர் வீட்டு இரண்டாவது காராகவே இருந்தது. 2010-ல் அந்தக் கம்பெனியை மகிந்திரா வாங்கியது.

சாதாரண மக்களின் கைக்கு இந்த வண்டி வந்தது ஸ்கூட்டர் மூலமாகத்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய ஏதர் கம்பெனி, 2018-ல் தன் ஸ்கூட்டரை முதலில் பெங்களூரில் விற்றது. டி.வி.எஸ். கம்பெனியும் 2020 ஜனவரியில் தன் மின்சார ஸ்கூட்டரை முதலில் இங்கேதான் இறக்கியது. இந்த இரண்டும் உற்பத்தியாவது ஓசூரில். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓலா எலக்ட்ரிக்கின் தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் இருக்கிறது. ஆக, நம்ம ஊரில் செய்து இங்கே ஓடும் வண்டிகள் இவை.

பெங்களூரில் மின்சார வண்டிக்கு ஆதரவும் முன்பே கிடைத்தது. இதற்கென்று தனிக் கொள்கையை 2017-ல் முதலில் வெளியிட்ட மாநிலம் கர்நாடகம்தான். இங்குள்ள தட்பவெப்பமும் பாட்டரிக்கு உகந்தது. பாட்டரிக்குப் பெரிய எதிரி கடும் வெயில். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், வேலூர் வெயிலின் உக்கிரம் இல்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒருவர் நாள் ஒன்றுக்கு 60 கி.மீ. ஸ்கூட்டரில் போய் வருகிறார். மாதம் 26 நாள் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,560 கி.மீ.

பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் 35 லிட்டர் பெட்ரோல் வேண்டும். 2024 ஜூனில் கர்நாடக அரசு விற்பனை வரியை ஏற்றியபோது லிட்டருக்கு 3 ரூபாய் கூடி, விலை 100 ரூபாயைத் தாண்டியது. லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் ரூ.3,500 ஆகும்.

மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் 30 கி.மீ. ஓடும். அப்படியானால் 52 யூனிட் போதும். யூனிட் 7 ரூபாய் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் ரூ.364 தான். மாதம் 3 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கையில் நிற்கிறது.

ஆயில் மாற்றும் செலவு இல்லை. கிளட்ச் இல்லை, கியர் இல்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி சட்டென்று கிளம்புகிறது. சில்க் போர்டு நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றாலும் பெட்ரோல் வீணாவதில்லை. கியர் போட்டுப் போட்டுக் கை வலித்தவர்கள் இதைத்தான் முதலில் பாராட்டுகிறார்கள்.

குறை சொல்பவர்களும் உண்டு. கம்பெனி சொல்லும் தூரம் சாலையில் கிடைப்பதில்லை. பின்னால் ஒருவர் உட்கார்ந்து, மேம்பாலம் ஏறி இறங்கினால் தூரம் குறைகிறது. வண்டிக்குச் சத்தம் இல்லாததால் பாதசாரிகள் திரும்பிப் பார்க்காமல் குறுக்கே வந்துவிடுகிறார்கள்.

ஊருக்குப் போவது இன்னொரு சங்கடம். பொங்கலுக்கு பைக்கிலேயே திருவண்ணாமலைக்கும் தர்மபுரிக்கும் கிளம்பும் பழக்கம் நம் இளைஞர்களிடம் உண்டு. கிருஷ்ணகிரி சுமார் 90 கி.மீ. அதற்குள்ளாகவே பல ஸ்கூட்டர்களின் பாட்டரி அடி தட்டிவிடும். ஆகவே மின்சார ஸ்கூட்டர் ஊர் வண்டியாக இருக்க முடியும். ஊருக்குப் போகும் வண்டியாக இருப்பது கடினம்.

வீட்டுக்காரர் ஏன் மறுக்கிறார்?

கணக்கு சரியாக இருக்கிறது. ஆனாலும் பலர் வாங்கத் தயங்குகிறார்கள். அதற்குக் காரணம் வீடுதான்.

நம்மவர்களில் பலர் இருப்பது ஒரே கட்டடத்தில் நாலைந்து குடித்தனம் உள்ள வாடகை வீட்டில். வண்டி நிற்பது கீழே, வாசலில் அல்லது தெருவில். குடியிருப்பது இரண்டாவது மாடியில்.

"ராத்திரி வண்டியைச் சொருகிக்கட்டுமா சார்?" என்று கேட்டால், "வேண்டாம்ப்பா, ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. "யூனிட்டுக்குப் பத்து ரூபா தர்றேன்" என்றாலும் வீட்டுக்காரர் இளகுவதில்லை.

இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் மீட்டர். கர்நாடக அரசு 2023-ல் கொண்டுவந்த 'கிருக ஜோதி' திட்டத்தில் வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை இலவசம். ஆனால் எல்லோருக்கும் முழு 200 யூனிட் கிடையாது. 2022-23-ம் ஆண்டில் ஒரு வீட்டின் சராசரி எவ்வளவோ, அதோடு 10 சதவீதம் கூட்டி இலவசம் என்று நிர்ணயித்தார்கள். அதற்கு மேல் போனால் கூடுதல் யூனிட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். 200-ஐயே தாண்டிவிட்டால் முழு பில்லையும் கட்ட வேண்டும்.

வாசலில் உள்ள பிளக், வீட்டுக்காரர் மீட்டரில்தான் பெரும்பாலும் இருக்கும். அவர் வீட்டுச் செலவு 160 யூனிட்; இலவச அளவு 176 என்று வைத்துக்கொள்வோம். குடித்தனக்காரரின் ஸ்கூட்டருக்கு 52 யூனிட் சேர்ந்தால் மொத்தம் 212. இதுவரை மின்சாரத்துக்குப் பணம் கட்டாதவர், இப்போது 212 யூனிட்டுக்கும் கட்ட வேண்டும். யூனிட் 7 ரூபாய் என்றால் ரூ.1,484. குடித்தனக்காரர் தருவதோ ரூ.520. மீதி யார் தலையில்?

அதே ஸ்கூட்டரைக் குடித்தனக்காரர் தம் சொந்த மீட்டரில் சொருகினால் நிலைமை வேறு. சிறு குடும்பம், சராசரி 70 யூனிட், இலவசம் 77. ஸ்கூட்டரோடு சேர்த்து 122 யூனிட் ஆனாலும், பணம் கட்ட வேண்டியது 45 யூனிட்டுக்குத்தான். சுமார் ரூ.315.

ஆகவே வாசலுக்குத் தனி லைன் இழுக்க வேண்டும். அதுவும் தம் மீட்டரிலிருந்தே இழுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் போடலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தைக் காட்டி வாடகை வீட்டில் உரிமை கேட்க முடியாது. சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டிய இடத்தில், ஒயர் இழுக்க அனுமதி எளிதில் கிடைக்குமா?

வேலூர் சம்பவம்

இரண்டாவது காரணம் பயம். இந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது.

2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி, உள்ளே தூங்கிய தந்தையும் மகளும் மாண்டார்கள். 2024 நவம்பரில் பெங்களூர் டாக்டர் ராஜ்குமார் சாலையில் மின்சார ஸ்கூட்டர் விற்பனைக் கடை தீப்பிடித்ததில் அங்கே வேலை செய்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார்.

2022-ல் நடந்த விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பாட்டரிப் பரிசோதனை விதிகளைக் கடுமையாக்கியது. புதிய விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. ஆகவே பழைய வண்டியைக் கைமாற்றாக வாங்குபவர்கள், அது எந்த மாதம் தயாரானது என்று பார்ப்பது அவசியம்.

வேலூர் சம்பவம் வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு பாடம். வெளியேறும் ஒரே வழியில் வண்டியை நிறுத்தி சார்ஜ் போடக்கூடாது. மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுவது சில தெருக்களில் நடக்கிறது. இது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக்கில், கம்பெனி கொடுத்த சார்ஜரைத்தான் உபயோகிக்க வேண்டும். ஓடி வந்த சூட்டோடு சொருகாமல், பாட்டரி ஆறிய பிறகு சொருகுவது நல்லது.

பாட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துச் செல்லும் ஸ்கூட்டர்களும் உண்டு. 2022 அக்டோபரில் வந்த ஹீரோவின் விடா அப்படிப்பட்டது. ஒவ்வொரு பாட்டரியும் 10 கிலோவுக்கு மேல். ஒரே அறையில் குடும்பமே படுத்துத் தூங்கும் வீட்டில் அதை இரவெல்லாம் சொருகி வைப்பதா என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆட்டோக்காரர்கள் சொல்வது

மகிந்திராவின் 'டிரியோ' மின்சார ஆட்டோ 2018 நவம்பரில் பெங்களூரில் அறிமுகமானது. ஒருமுறை முழுதாக சார்ஜ் போட எட்டு யூனிட் அளவுக்கு ஆகும். யூனிட் 7 ரூபாய் என்றால் 60 ரூபாய்க்குள் ஒரு நாள் சவாரி முடிகிறது. இதே தூரத்துக்கு காஸ் ஆட்டோவில் பல மடங்கு ஆகும். 2025 ஆகஸ்டிலிருந்து முதல் 2 கி.மீ.க்கு 36 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 18 ரூபாய் என்று மீட்டர் கட்டணம் உயர்ந்தபோது, மின்சார ஆட்டோக்காரருக்கு அந்த உயர்வு அப்படியே கையில் நின்றது.

ஆனால் ஆட்டோவுக்கு சார்ஜ் ஏற சுமார் 4 மணி நேரம் பிடிக்கும். இரவில் வீட்டில் பிளக் இல்லாதவர் பகலில் எங்காவது நிறுத்திப் போட வேண்டும். சவாரி நேரம் போகிறது. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் இழக்கிறார்.

பர்மிட் விஷயத்தில் டிரைவர்களுக்குள்ளேயே மனத்தாங்கல் இருக்கிறது. பாட்டரி வாடகை வண்டிகளுக்கு பர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. பணம் கொடுத்து பர்மிட் வாங்கியவர்கள், "நாங்கள் மட்டும் ஏமாளிகளா?" என்று கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சாப்பாடு டெலிவரி செய்யும் இளைஞர்களில் பலர் வண்டி வாங்கும் வம்பே வேண்டாம் என்று யூலு போன்ற வாடகை வண்டிகளை ஓட்டுகிறார்கள். பாட்டரி தீர்ந்தால் மாற்று நிலையத்தில் வேறு பாட்டரி கிடைக்கும். வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்குள், 250 வாட் மோட்டாருக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் வாடகை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி ஒருநாளும் சொந்தமாகாது.

பொது இடத்தில் சார்ஜ் போடலாமே என்று கேட்கலாம். பெஸ்காம் 2018-லேயே கே.ஆர். சர்க்கிளில் உள்ள தன் தலைமை அலுவலகத்தில் சார்ஜ் நிலையம் திறந்தது. 2024-ல் மத்திய அரசு தந்த கணக்குப்படி கர்நாடகத்தில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொது நிலையங்கள் இருந்தன, பெரும்பகுதி பெங்களூரில். ஆனால் சந்துக்குள் குடியிருப்பவருக்கு இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வந்தபின், இரண்டு கி.மீ. தள்ளி வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருவது நாள்தோறும் நடக்கிற காரியமா?

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மானியத்தை நம்பி வாங்கும் காலம் போய்விட்டது. 2023 மே வரை 3 யூனிட் பாட்டரி ஸ்கூட்டருக்கு 45 ஆயிரம் ரூபாய் வரை மத்திய மானியம் கிடைத்தது. ஜூனில் அது வெட்டப்பட்டது. 2024 அக்டோபரில் வந்த புதிய திட்டத்தில் அதிகபட்சம் 10 ஆயிரமாகவும், அடுத்த ஆண்டில் 5 ஆயிரமாகவும் சுருங்கியது.

பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 80 ஆயிரம் கி.மீ. வாரண்டி என்று விளம்பரம் வருகிறது. நாளைக்கு 100 கி.மீ. ஓட்டும் டெலிவரி ஊழியருக்கு 80 ஆயிரம் கி.மீ. இரண்டரை ஆண்டில் தீர்ந்துவிடும். தொழிலுக்கு ஓட்டினால் வாரண்டி உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

சர்வீஸ் நிலையம் பக்கத்தில் இருக்கிறதா என்பதும் முக்கியம். ஓலா எலக்ட்ரிக் மீது 10 ஆயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் குவிந்ததால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கலாம். தினக்கூலி ஓட்டுபவருக்கு வண்டி பத்து நாள் ஷெட்டில் நின்றால் அது பத்து நாள் பட்டினி.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டுக்காரர் சம்மதம். எந்த மீட்டர், எந்த இடத்தில் பிளக், ஒயர் செலவு யாருடையது, வீடு காலி செய்யும்போது அது யாருக்கு? இந்த நான்கையும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து லைன் இழுத்துத் தருவதாகச் சொன்னால், பயப்படும் வீட்டுக்காரரும் யோசிப்பார்.

மாதம் 3 ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் மணியார்டர் அளவுக்குப் பெரிய தொகை. சொந்த வீடும் வாசலில் சொந்த பிளக்கும் உள்ளவர்கள் அதை ஏற்கெனவே மிச்சம் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பணம் அவர்களைவிட அதிகம் தேவைப்படுவது குடித்தனக்காரருக்குத்தான். ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன், வீட்டுக்காரரிடம் பேசி முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.